கீசர் மேல் விழுந்த பழி

வீட்டில் கரண்ட் போனதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்ப்பது. அங்கேயும் இருட்டு என்றால் நிம்மதி. அது மின்வாரியத்தின் பாடு. அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு நம் வீட்டுக்குள். உடனே டி.பி. பாக்ஸைத் திறந்து பார்க்கிறோம். வரிசையாக நிற்கும் சுவிட்சுகளில் ஏதோ ஒன்று கீழே விழுந்திருக்கும். பெரும்பாலோர் எது விழுந்தது என்றுகூடக் கவனிக்காமல் அதைத் தூக்கிவிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் தடயம் அங்கேயே அழிந்துவிடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை இரண்டு சாதிச் சுவிட்சுகள். ஒல்லியாக வரிசைகட்டி நிற்பவை எம்.சி.பி.க்கள். ஒவ்வொன்றும் ஓர் அறைக்கோ, ஏ.சி.க்கோ, கீசருக்கோ போகும் வயரைக் காவல் காக்கிறது. நீண்ட நேரம் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். ஷார்ட் ஆனால் ஒரு காந்தச் சுருள் அதே வேலையை நொடியில் செய்யும். வயர் எரிந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அதன் கவலை. மனிதர் தொட்டாரா என்று அது பார்க்காது. அதன் பக்கத்திலேயே இரண்டு மடங்கு அகலத்தில், 'டி' என்று எழுதிய சின்னப் பட்டனோடு நிற்பது ஆர்.சி.சி.பி. எலக்ட்ரீஷியன்கள் இன்றும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள், இலங்கையில் டிரிப் சுவிட்ச் என்பார்கள். மூன்று பேஸ் வீட்டில் இது நான்கு மடங்கு அகலமாக இருக்கும்.

எம்.சி.பி. விழுந்தால், கரண்ட் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஆர்.சி.சி.பி. விழுந்தால், கரண்ட் கணக்கில் உதைக்கிறது என்று பொருள். இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது. வீட்டு மின்பழுதுகளில் ஆளை அலைய வைப்பது அதுதான்.

பேஸ் வழியாக வீட்டுக்குள் போகிற கரண்ட் அத்தனையும், வேறு வழியில் கசியாதவரை, நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். 1845இல் கிர்க்காஃப் எழுதிவைத்த விதி இது. இன்றுவரை எந்த வயரும் இதை மீறியதில்லை. ஆர்.சி.சி.பி. என்பது இந்த வரவு செலவை விடாமல் சரிபார்க்கும் ஒரு கணக்குப்பிள்ளை. அதன் வயிற்றில் காந்தப் பொருளால் ஆன ஒரு வளையம் இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டும் அந்த வளையத்தின் நடுவே சேர்ந்து போகின்றன. போகும் கரண்டும் வரும் கரண்டும் சம அளவில் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். ஏ.சி., மோட்டார், கீசர் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுத்தாலும் வளையத்துக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த முப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் நியூட்ரலுக்குத் திரும்பாமல், சுவர் ஈரம் வழியாகவோ குழாய் வழியாகவோ ஒருவரின் கால் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால் போதும், வளையத்தில் மிச்சக் காந்தப்புலம் தோன்றிவிடும். வளையத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சுருளில் மின்சாரம் தூண்டப்படும். ஒரு சின்ன ரிலே விடுபடும். ஸ்பிரிங் பாய்ந்து பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும்.

இரண்டையும் ஒருசேர என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பழுதைத் தேடும்போது கைகொடுக்கப்போவது அதுதான்.

வீடுகளில் போடும் ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். தர விதிப்படி, கசிவு 15 மில்லி ஆம்பியர் வரை அது விழக் கூடாது. 30ஐத் தொட்டால் 0.3 விநாடிக்குள் விழுந்தே ஆக வேண்டும். 150ஐத் தொட்டால் 0.04 விநாடிக்குள். இடைப்பட்ட 15க்கும் 30க்கும் நடுவே எங்கே விழும் என்பது அந்தந்தக் கருவியின் குணம்.

ஏன் 30? உடம்பு அப்படி. ஒரு மில்லி ஆம்பியர் தோலில் சுள்ளென்று தெரியும். பத்தைத் தாண்டும்போது கைத் தசைகள் இறுகி, பிடித்த வயரை விட முடியாமல் போகும். முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்கள் கையில் கம்பியைக் கொடுத்து, எத்தனை மில்லி ஆம்பியர் வரை அவர்களால் விட முடிகிறது என்று அளந்து பார்த்தார். வியன்னாவில் காட்ஃப்ரீட் பீகல்மையர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்டார். வீடுகளுக்கு முதன்முதலில் இந்தக் காவல் வந்தது தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்கள் வழியாக. அங்கே ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955இல் சுரங்கங்களுக்காக 250 மில்லி ஆம்பியரில் விழும் கருவியைச் செய்தார். மறு ஆண்டே அதை 20க்கும் கீழே கொண்டுவந்தார். ஸ்டில்ஃபான்டெயின் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் வீட்டில் ஷாக் அடித்து இறந்த பிறகு, 1957, 1958 ஆண்டுகளில் அங்குள்ள சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகள் பொருத்தப்பட்டன. அமெரிக்கா டால்சீலின் கணக்கைப் பின்பற்றி 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே நின்றுவிட்டது. இந்தியா உட்பட மற்ற பெரும்பாலான நாடுகள் 30ஐ எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் புதிதாக மின் இணைப்பு வாங்குவோர் இதைப் பொருத்தியாக வேண்டும் என்பது இப்போது விதி.

30 மில்லி ஆம்பியர் எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு ஒரு கணக்கு. படிக்கட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். அதைவிடக் குறைவான கசிவைத்தான் இந்தக் கருவி பிடிக்கிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், 230 வோல்ட் பேஸுக்கும் மண்ணுக்கும் நடுவே சுமார் 7,700 ஓம் தடை இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஓடும். நல்ல வயரின் இன்சுலேஷன் பல மெகா ஓம், அதாவது பல பத்து லட்சம் ஓம். ஆக ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் எங்கோ ஓரிடத்தில் இன்சுலேஷன் சும்மா கொஞ்சம் மோசமாகவில்லை. நூறு மடங்குக்கு மேல் சரிந்துவிட்டிருக்கிறது. 'சும்மா சும்மா விழுது, சுவிட்ச்தான் சரியில்லை' என்று கருவியின் மேல் பழி போடுமுன் இதை யோசிக்க வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு, அதில் ஒன்று இது. கம்ப்யூட்டர், டி.வி., வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்றவற்றின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து எர்த்துக்குச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். 4.7 நானோ ஃபாரட் அளவுள்ள ஒன்று 230 வோல்ட்டில் 0.34 மில்லி ஆம்பியரைக் கசியவிடும். இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. ஒன்றிரண்டு இருந்தால் பொருட்டில்லை. ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் வீடு முழுக்க இப்படிப்பட்ட சாமான்கள் சேர்ந்தால், எந்தப் பழுதும் இல்லாமலேயே 8, 10 மில்லி ஆம்பியர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அதன் மேல் மழை ஈரம் கொஞ்சம் சேர்ந்தால் விழும். அந்த வீட்டுக்கு மருந்து, ஒன்றுக்குப் பதில் இரண்டு ஆர்.சி.சி.பி. போட்டுச் சுமையைப் பிரிப்பது.

இனி தேடலுக்கு வருவோம். கருவிகளைக் கையில் எடுக்கும் முன்பே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம், எப்போது விழுகிறது என்று கவனித்தால். மழை பெய்தால் மட்டுமா? அப்படியானால் வெளிச்சுவர், கேட் விளக்கு, மொட்டை மாடி வயர், சம்ப் மோட்டார். ஆளே தொடாத நள்ளிரவிலா? ஃபிரிட்ஜைச் சந்தேகிக்கலாம்; பனி படியாத வகை ஃபிரிட்ஜில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு ஹீட்டர் ஓடிப் பனியைக் கரைக்கும், அந்த ஹீட்டர் கசிந்தால் வீடு தூங்கும்போதும் விழும். கிரைண்டர் கழுவிய பிறகா? பதில் கேள்வியிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த வீட்டைத் திறந்து கீசர் போட்ட முதல் நாளா? ஹீட்டர் எலிமென்டின் உலோகக் குழலுக்குள் மக்னீசியம் ஆக்சைடு தூளை அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் குழலின் முனையில் அடைப்பு லேசாக விட்டிருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சும்மா கிடக்கிற எலிமென்டில்தான் இந்தத் தொல்லை அதிகம். சுவரில் புதிதாகப் படம் மாட்ட ஆணி அடித்தீர்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எலி, பல்லி, எறும்பு மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கவே கூடாது. சுவிட்ச் பாக்ஸுக்குள் இறந்து கிடக்கும் ஒரு பல்லி ஒரு வீட்டையே இருட்டாக்கப் போதும்.

பிறகு விலக்கும் வேலை. எல்லா எம்.சி.பி.யையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, சந்தேகம் அந்த லைனில். அந்த லைனில் உள்ள சாமான்களின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றால் பழுது சாமானில்; விழுந்தால் வயரிங்கில். பேஸ் கசியும் பழுதாக இருந்தால் இந்த முறையில் பத்து நிமிடத்தில் ஆள் சிக்கிவிடும். எலக்ட்ரீஷியன் வராமலேயே வீட்டுக்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான். எந்த மூடியையும் கழற்ற வேண்டியதில்லை, எந்த வயரையும் தொட வேண்டியதில்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள் என்று சொன்னேன், சுவிட்சை அணையுங்கள் என்று சொல்லவில்லை. நம் சுவர்ச் சுவிட்சுகள் துண்டிப்பது பேஸை மட்டும். நியூட்ரல் அணைத்த பிறகும் சாமானுக்குள் நேராகப் போய் நிற்கிறது. வீடுகளில் போடும் சாதாரண எம்.சி.பி.யும் அப்படித்தான், பேஸை மட்டும் வெட்டும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டாலும், வீட்டில் உள்ள ஒவ்வொரு விளக்கின், ஒவ்வொரு ஃபேனின், ஒவ்வொரு பிளக் பாயின்டின் நியூட்ரல் வயரும் ஆர்.சி.சி.பி.யோடு இணைந்தே இருக்கிறது. பாதி வீடு இன்னும் அணையவில்லை என்று அர்த்தம். ஷாக் அடிக்காத வயர் என்பதால் நியூட்ரலை யாரும் சந்தேகிப்பதில்லை. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே அலைவது இங்கேதான்.

இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். ஐப்பசி மாதம். இரண்டு நாளாகக் காலையில் கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. லைட், ஃபேன், டி.வி. எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன.

"தம்பி, கீசர் போட்டாத்தான் விழுது. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எலிமென்ட் போயிருக்கும்மா. மாத்திடலாம்."

எலிமென்டை மாற்றுகிறார். அன்று நல்ல வெயில், சுவிட்ச் நிற்கிறது. தம்பியும் காசை வாங்கிக்கொண்டு போகிறார். மூன்றாம் நாள் மழை. கீசர் போட்டதும் மறுபடி விழுகிறது. இப்போது அம்மா கீசர் கம்பெனியைத் திட்ட ஆரம்பிக்கிறார். அடுத்து வருபவர் 'கீசரே பழசும்மா' என்று புதுக் கீசர் வாங்கவைக்கிறார். அதற்கும் விழுகிறது.

பழுது கீசரில் இல்லவே இல்லை. கேட் தூணில் இருக்கும் விளக்கின் இரும்புப் பெட்டிக்குள், டேப் பிரிந்த ஒரு நியூட்ரல் ஜாயின்ட் துருப்பிடித்த தகரத்தோடு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான். கேட் விளக்கின் சுவிட்சை அணைத்தே வைத்திருக்கிறார்கள். அதனால் யாருக்கும் அதன் ஞாபகமே இல்லை.

கேட்டில் இருக்கும் பழுதுக்குக் கீசர் ஏன் மாட்டிக்கொள்கிறது? நியூட்ரல் என்றால் பூஜ்ய வோல்ட் என்று பள்ளியில் படித்திருப்போம். டிரான்ஸ்ஃபார்மரில் அதை மண்ணோடு இணைத்திருப்பதால் அங்கே அது பூஜ்யம். நம் வீட்டில் அப்படியல்ல. டிரான்ஸ்ஃபார்மர் வரை போகும் நியூட்ரல் கம்பிக்கும் கொஞ்சம் தடை உண்டு. அது 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் லைட்டும் ஃபேனும் மட்டும் 1 ஆம்பியர் இழுத்தால், நம் வீட்டு நியூட்ரல் மண்ணைவிட 0.3 வோல்ட் உயர்ந்து நிற்கும். 2,000 வாட் கீசரைப் போட்டால் சுமார் 9 ஆம்பியர் கூடுதலாக ஓடும். நியூட்ரல் 3 வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

இப்போது கேட் பெட்டி. அந்த ஈரத் தொடர்பின் தடை 50 ஓம், வீட்டு எர்த் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 1 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 56. லைட், ஃபேன் மட்டும் ஓடும்போது 0.3 வோல்ட்டை 56ஆல் வகுத்தால் 5 மில்லி ஆம்பியர் கசிவு. ஆர்.சி.சி.பி. கண்டுகொள்ளாது. கீசர் போட்டதும் 3 வோல்ட். 56ஆல் வகுத்தால் 54 மில்லி ஆம்பியர். விழுந்துவிடும். கீசரின் பங்கு, நியூட்ரலைக் கொஞ்சம் மேலே தூக்கியது மட்டும்தான். கீசருக்குப் பதில் அதே அளவு கரண்ட் இழுக்கும் எதைப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதே ஈரம் பேஸ் ஜாயின்டில் இருந்திருந்தால் 230 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் கசிந்திருக்கும். கேட் விளக்கைப் போட்ட கணமே விழுந்து, குற்றவாளி யார் என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும். பேஸில் வந்த கசிவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். நியூட்ரலில் வந்த கசிவு இன்னொருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும்.

இதைச் சோதிப்பது எளிது. கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வேறு வேறு அறைகளில் அயர்ன் பாக்ஸையும் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலையும் ஒரே நேரத்தில் போடுங்கள். அதற்கும் விழுந்தால் கீசர் நிரபராதி. புது எலிமென்டுக்குக் காசு கொடுக்கும் முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். செய்ய மறுக்கிறவர் வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நியூட்ரலைத் தூக்குவது நம் வீட்டுக் கரண்ட் மட்டுமல்ல. ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெரு முழுக்கப் போவது ஒரே நியூட்ரல் கம்பி. மூன்று பேஸ்களிலும் சுமை சமமாக இல்லாவிட்டால் அந்த மிச்சக் கரண்ட் நியூட்ரலில் ஓடி அதைத் தூக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கும் டி.வி.யும் ஓடும்போது, எல்லா எம்.சி.பி.யும் இறக்கிவைத்திருக்கிற வீட்டில்கூட ஆர்.சி.சி.பி. விழலாம். எதிர்வீட்டுக்காரர் ஏ.சி. போட்டதால் நம் வீட்டில் கரண்ட் போனது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். நியூட்ரல் கசியும் வீட்டில் அது நடக்கும்.

நியூட்ரலின் இன்னொரு தொல்லை கடன் வாங்குவது. கீழ்வீட்டுக்கு ஓர் ஆர்.சி.சி.பி., மாடிக்கு ஓர் ஆர்.சி.சி.பி. என்று பிரித்த வீடுகளில், படிக்கட்டு விளக்கு அடிக்கடி இரண்டுங்கெட்டானாக அமைந்துவிடும். வயர் மிச்சம் பிடிக்க, பேஸைக் கீழேயிருந்தும் நியூட்ரலை மேலேயிருந்தும் எடுத்திருப்பார்கள். விளக்கு நன்றாக எரியும், ஆர்.சி.சி.பி. இல்லாத காலம்வரை. அதைப் பொருத்திய அன்று முதல், படிக்கட்டு விளக்கைப் போட்டதும் கீழ்வீடு விழும், அல்லது மாடி விழும், சில சமயம் இரண்டும் விழும். கீழே உள்ள வளையத்தில் போன கரண்ட் திரும்பவில்லை. மேலே உள்ள வளையத்தில் போகாத கரண்ட் திரும்பி வருகிறது. 9 வாட் பல்பு 40 மில்லி ஆம்பியர் என்று முன்னே பார்த்தோம். அது ஒன்றே போதும். இங்கே மண்ணுக்கு ஒரு துளியும் கசியவில்லை, யாருக்கும் ஷாக் அடிக்காது, எந்த சாமானும் பழுதில்லை. இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் என்ற மீட்டரை வைத்து எவ்வளவு அளந்தாலும் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். பார்க்க வேண்டியது இன்சுலேஷனை அல்ல, வயர் போகும் வழியை.

வீட்டு இன்வெர்ட்டர் பொருத்தும்போது நடக்கும் குளறுபடியும் இதே வகைதான். இன்வெர்ட்டருக்கு வரும் பேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் அதற்குப் பின்னால் உள்ள பொது இணைப்பில் சேர்த்துவிட்டால் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. மின்வெட்டுக் காலத்தில் அவசர அவசரமாக இன்வெர்ட்டர் மாட்டிய எத்தனையோ வீடுகளில், 'இன்வெர்ட்டர் வந்ததுலேருந்து இது விழுந்துட்டே இருக்கு' என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். நியூட்ரலைச் சரியான இடத்துக்கு மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எலக்ட்ரீஷியன் வந்த பிறகு நடக்க வேண்டியது என்ன? ஆர்.சி.சி.பி.யை அணைத்தால் பேஸ், நியூட்ரல் இரண்டும் பிரிந்துவிடும் என்று பார்த்தோம். அந்த நிலையில் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, வீட்டுப் பக்க நியூட்ரல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் நடுவே உள்ள தடையை அளக்க வேண்டும். நல்ல வீட்டில் அது மெகா ஓம் கணக்கில் இருக்கும். 50, 500, 5,000 என்று ஓம் கணக்கில் காட்டினால் பழுது நியூட்ரலில். இப்போது பட்டையிலிருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். எந்த வயரைக் கழற்றியதும் அளவு சட்டென்று ஏறுகிறதோ, அந்த வயர் போகும் வழியில்தான் பழுது. கேட் விளக்கு அப்படித்தான் பிடிபடும்.

இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் சில நேரம் போதும், பல நேரம் போதாது. அது சோதிப்பது பேட்டரியின் சில வோல்ட்டில். கரி படிந்த ஜாயின்டும் ஈரம் கண்ட எலிமென்டும் சில வோல்ட்டுக்கு அசையாமல் இருந்துவிட்டு 230 வோல்ட்டுக்கு வழிவிடும். மெக்கர் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளக்கும்போது ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்த லைனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாமான்களைப் பிடுங்காமல் மெக்கர் வைத்தால் டி.வி.யும் கம்ப்யூட்டரும் காலியாகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்துபோகும் பழுதுக்கு மெக்கரும் உதவாது. அதற்கு மில்லி ஆம்பியர் அளக்கும் கசிவு கிளாம்ப் மீட்டர் வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டால், ஆர்.சி.சி.பி.யின் வளையம் பார்ப்பதையே அது எண்ணாகக் காட்டும். வீடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு கசிகிறது என்று பார்த்துவிடலாம். இந்த மீட்டர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனைக் கண்டால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் செய்கிற வைத்தியங்கள் மூன்று உண்டு. மூன்றுமே ஆளைக் கொல்லக்கூடியவை. முதலாவது, ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது. இரண்டாவது, 30 இருந்த இடத்தில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவியைப் போடுவது. பழுது அப்படியே இருக்கும். சொல்வதற்கு ஆள் இருக்காது. 300 மில்லி ஆம்பியர் கருவி வயரில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், மனிதரைக் காக்காது. மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது, சாமானின் பிளக்கிலிருந்து எர்த் வயரை வெட்டிவிடுவது. கிரைண்டரின் உலோக உடம்புக்குப் பேஸ் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இருந்தவரை அந்தக் கரண்ட் எர்த் வழியாகப் போய், யாரும் தொடும் முன்பே சுவிட்சை விழவைத்தது. வெட்டிய பிறகு கரண்டுக்குப் போக வழியில்லை, சுவிட்சும் விழாது, 'சரியாயிடுச்சு' என்று நினைப்பார்கள். ஈரக் காலோடு கிரைண்டரைத் தொடப்போகிற முதல் ஆள்தான் இனி அதற்கு எர்த் வயர். அப்போது ஆர்.சி.சி.பி. விழும், உயிரையும் காப்பாற்றக்கூடும். ஆனால் சோதனை நடந்தது ஒருவர் உடம்பில்.

கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஒரு கையில் பேஸும் மறுகையில் நியூட்ரலும் தொட்டால், ஆர்.சி.சி.பி. அசையாது. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வந்துவிடுகிறது; வளையத்தைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு பல்பு. ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்ற தைரியத்தில் மெயினை அணைக்காமல் ஹோல்டரைப் பிரிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அந்த 'டி' பட்டன். அதை அழுத்தினால், உள்ளே இருக்கும் ஒரு தடை வழியாகக் கொஞ்சம் கரண்டை வளையத்துக்கு வெளியே திருப்பிவிட்டு, வேண்டுமென்றே கணக்கைக் குழப்பும். கருவி விழ வேண்டும். உங்கள் வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சுவிட்சின் உள்ளுறுப்புகள் வேலை செய்கின்றனவா என்பதை மட்டும் சொல்லும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் சுவிட்ச் தூசியிலும் பழைய கிரீஸிலும் இறுகிப்போவதுண்டு. அதனால் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இன்றைக்கே ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால், இந்த வாரத்துக்குள் வேறு ஆர்.சி.சி.பி. மாற்றிவிடுங்கள்.